சித்தி சொன்னாங்க

"மைனர் செத்துப் போயிடும்னு சித்தி சொன்னாங்க."

மைனர் என்றால் நாய். ஒய்யாரமாய் நடக்கிற நடைக்கு வைத்த பேர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டிலிருந்து வந்து இறங்கிய ஆறு வயசு மகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னாள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

அப்பாவும் அம்மாவும் பிரிந்து இரண்டு வருஷம். வாரக் கடைசியில் பிள்ளை அங்கே போய்விடும். நாயும் அங்கேதான். அப்பா புதிதாகக் கட்டிக்கொண்டவள்தான் சித்தி.

மைனருக்கு வயிற்றில் கட்டி. மருந்து சாப்பிட்டால் நன்றாகத் தூங்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று அம்மா பதமாகச் சொல்லி வைத்திருந்தாள். அன்றிலிருந்து பிள்ளை படுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மத்தியானம் அம்மா கொஞ்சம் கண்ணசந்தால் உலுக்கி எழுப்பியது. ஏன் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

"வேற என்னடி சொன்னாங்க உங்க சித்தி?"

பிள்ளை விரல் விட்டு எண்ணியது. "தூங்கினா மூச்சு வரும், செத்தா நின்னுடும். அப்புறம் வலிக்காது, பசிக்காது, திரும்பி வராது. நான் வாலை மிதிச்சேன்ல, அதனால கட்டி வரல. அழுகை வந்தா அழலாம்."

பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த, கூடவே தைக்கிற அக்கா ஊசியை வைத்தாள். பச்சைப் பிள்ளையிடம் சாவைப் பேச, பெற்ற வாய்க்கு வருமா என்று கேட்டாள். இப்படித்தான் நைசாகப் பிள்ளையை இழுத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னாள்.

அக்கா பற்றவைக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

முதலில் அந்த வீட்டிலிருந்து ஒரு புதுமாதிரிப் பின்னல் வந்தது. தலைக்குக் குளிப்பாட்டுகிற சாக்கில் அன்றைக்கே அவிழ்த்துவிட்டாள். அப்புறம் ஒரு விடுகதை வந்தது. பிள்ளை எவ்வளவு கெஞ்சியும் அம்மா விடை கேட்கவில்லை. இப்போது சாவும் அங்கிருந்தே வருகிறது.

அன்றைக்குப் பிள்ளை படு என்றதும் படுத்தது, நிம்மதியாகத் தூங்கியது. அதுவும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

புதன்கிழமை காலையில் அப்பா போன் செய்தார். மைனர் போய்விட்டது, பிள்ளையை வந்து கூட்டிப்போகட்டுமா என்றார். வேண்டாம், நானே வருகிறேன் என்றாள் அம்மா. பீரோவிலிருந்து நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். நாய் சாவுக்கு எதற்கு இந்தச் சேலை என்று காஜா அக்கா கேட்கவில்லை. அவளும் பொம்பிளைதானே.

பஸ்ஸில் போகும்போதே பேச வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வெட்டித் தைத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னால் அப்பா குழி வெட்டிக்கொண்டிருந்தார். சித்தி தரையில் உட்கார்ந்து, பழைய போர்வையில் மைனரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை பார்க்க முகத்தை மட்டும் மூடாமல் விட்டிருந்தாள். ஆள் ஒன்றும் நினைத்த அளவுக்கு அழகில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு சின்ன ஆறுதல்.

பிள்ளை அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடியது. போர்வைக்குள் கைவிட்டு நாயின் வயிற்றில் வைத்துப் பார்த்தது. ரொம்ப நேரம் வைத்திருந்தது.

"மூச்சு வரல சித்தி."

"ஆமாடா தங்கம். நின்னுடுச்சு."

பிள்ளை உதட்டைப் பிதுக்கி அழுதது. அழுதுகொண்டே சாய்ந்தது சித்தியின் மடியில். இத்தனை தூரம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்த கை, அம்மாவுக்குச் சும்மா தொங்கியது.

தைத்து வைத்திருந்த பேச்செல்லாம் பிரிந்துபோய், ஒன்றுதான் வந்தது.

"இதையெல்லாம் எம் பிள்ளைகிட்ட சொல்லச் சொல்லி உங்களை யார் கேட்டது?"

அப்பா மண்வெட்டியை நிறுத்தினார். சித்தி போர்வை ஓரத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டாள்.

பிள்ளைதான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தது.

"நீதானேம்மா கேட்ட? தூங்கினா சரியாயிடும்னு நீ சொன்னல்ல, அப்ப அம்மா சொன்னது பொய்யான்னு சித்திகிட்ட கேட்டேன். உங்கம்மா பொய்யெல்லாம் சொல்ல மாட்டாங்க, உங்கிட்ட சொல்ல வந்தா அவங்களுக்கு அழுகை வந்துடுதாம், அதான் எனக்கு போன் பண்ணிச் சொல்லச் சொன்னாங்கன்னு சித்தி சொன்னாங்க."

சித்தியின் போன் நம்பர்கூட அம்மாவிடம் கிடையாது.