பின்கண்ணாடி மூலை

ஜெபமணி சார் எனக்குத் தரவேண்டியது எழுநூற்று ஐம்பது ரூபாய். அவருடைய பழைய பியட் காரில் காய்ந்து வெடித்திருந்த கதவு ரப்பர், கண்ணாடி ரப்பர் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிளிசரின் தேய்த்துப் பதமாக்கி ஒட்டிக் கொடுத்திருந்தேன். "மழை பெய்யட்டும். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் பைசா கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

மழை பெய்த அன்றே போனேன். வீடு ஒழுகுகிறதென்று சாரும் அவர் மனைவியும் சோற்றுப் பானையோடு வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"கால உதறிட்டு ஏறுங்க அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. "வீட்டுக்கு ஓடு மாத்தச் சொன்னேன். இவரு காருக்கு ரப்பர் ஒட்டுனாரு."

"இப்ப எது ஒழுகல, அதச் சொல்லு" என்றார் சார்.

பின்சீட்டில் உட்கார்ந்தேன். பின்கண்ணாடி மூலையில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. வசதியாகச் சாய்கிறவன்போல இடது கையைத் தூக்கி, கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டேன். தண்ணீர் சட்டைக் கைக்குள் இறங்கி அக்குளில் சில்லென்றது.

சார் திருப்தியாகப் பணத்தை நீட்டினார். "எண்ணிப் பாத்துக்கிடுங்க."

"உங்க கணக்குல தப்பு வருமா சார்?"

கூலியை ஒற்றைக் கையால் வாங்கி எண்ணாமல் பையில் வைத்தது அதுதான் முதல் தடவை. மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை.