பாதி வரைந்தால் போதும்

"அம்மா, அப்பா கூடத்துல நடக்காரு. வெளிய வா!"

அடுக்களையில் பிரமுவின் கை நின்றது. கேட்ட காலடி கணவருடையதாக இல்லை.

"ஏட்டி, பேசுவாரா?"

"பேச மாட்டாரு, நடப்பாரு. நான் கைக்குழந்தையா இருக்கையில செத்துப்போனவரை நானே வரைஞ்சு எழுப்பியிருக்கேன். பாராட்ட மாட்டியா?"

மகள் செவ்வந்திக்குப் பொறியியல் முதலாம் ஆண்டுப் பாடம் அது. கையால் வரைந்து கொடுத்தால், இயந்திரம் அதைத் திட உருவமாக்கி நடக்கவிட்டுவிடும்.

பிரமு வந்து பார்த்தாள். முகம் அவருடையதுதான்.

"ஏட்டி, இடது காலை எப்படி வரைஞ்ச?"

"வரையலம்மா. வலது பாதியை வரைஞ்சா போதும். மறுபாதியைக் கண்ணாடியில தெரியுத மாதிரி அதுவே போட்டுக்கிடும். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஏன்?"

"ஒங்கப்பாவுக்கு இடது கால் சூம்பிப்போனது. தெருமுனையில இழுத்து இழுத்து வர்ற சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்புல வச்சிருவேன்."

செவ்வந்தியின் முகம் வாடியது. "போட்டோவுல எல்லாம் உக்காந்துல்லா இருக்காரு... அழிச்சிட்டு மாத்தட்டுமா?"

"வேண்டாம். இப்பவாவது வலியில்லாம நடக்கட்டும்."

அதன் பிறகு கூடத்தில் காலடி கேட்கும்போதெல்லாம், யாரோ வந்திருக்கிறார்கள் என்று பிரமு சேலைத்தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.