எழுத்தைப் பெரிதாக்கியவள்

கணினித் திரைகளை வடிவமைக்கக் கற்றபோது ஜெபசெல்வியின் மனதில் முதலில் பதிந்த பாடம் இதுதான்: உள்ளே நடப்பது எதுவும் திரைக்குத் தெரியக் கூடாது, திரையும் உள்ளே இருப்பதைத் தொந்தரவு செய்யக் கூடாது. நடுவில் ஓர் இடையாள் நின்று இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த அமைப்பு அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. தூத்துக்குடியில் தனியாக இருந்த அப்பாவின் மேசைக் கணினிக்கும் தனக்கும் நடுவே இடையாளாக நிற்க ஒரு நிரலை எழுதி வைத்தாள். அது தினமும் அவள் பெயரில் நலம் விசாரித்தது. அப்பாவின் பதிலுக்கு ஏற்றதைத் தானே செய்தது. அவளை ஒருமுறைகூட அழைக்கவில்லை. நிம்மதியாக இருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவள் கூடத்திலேயே நின்றுவிட்டாள். ‘சாப்பிட்டீங்களாப்பா’ என்ற கேள்வி, திரையை அடைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தது.

“என்னப்பா இது, சினிமா போஸ்டர் மாதிரி?”

அப்பா குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தார். “நீதானம்மா செஞ்சு குடுத்தே? கண்ணு மங்குதுன்னு ஈஸ்டர் சமயத்துலயே ஒங்கிட்ட சொன்னேம்லா. மறுநிமிசம் எழுத்தப் பெருசாக்கிட்டே. சொல்லச் சொல்லப் பெருசாக்குனே. பக்கத்து வீட்டு டேனியல் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டான். எம்மவ பாத்துக்கிடுவா, நீ போலேன்னுட்டேன்.”

அவள் அவர் அருகில் போனாள்.

அப்பா காற்றில் துழாவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப நேர்லயே வந்துட்டேல்லா. இன்னும் கொஞ்சம் பெருசாக்கி விடு தாயி.”

திரையில் ஒரே ஓர் எழுத்துதான் இருந்தது. அதற்கு மேல் இடமில்லை.