ஏழரை மணிக்குப் படம்

"அண்ணே, பொண்ணையே எத்தனை தடவை போடுவீங்க? மாப்பிள்ளையையும் கொஞ்சம் காட்டுங்க!"

கேமராக்கார டிண்டோ, அர்னெலின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னான். அர்னெல் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவன் மூஞ்சியை யாருடா பாக்கப் போறா? கோழி திருடி மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிக்கிறான்."

"அதென்னவோ நிஜம்தான்" என்று விழுந்து விழுந்து சிரித்தான் டிண்டோ.

இலோய்லோ நகரத்தின் அந்த ஓட்டலில் கீழே கல்யாண விருந்து. மூன்றாவது மாடி அறையில் இவர்கள் இருவரும். காலையில் தேவாலயத்தில் நடந்த கல்யாணத்தை ஏழரை மணிக்குள் ஐந்து நிமிடப் படமாக வெட்டி ஒட்டி, விருந்துக் கூடத்துத் திரையில் ஓட்டியாக வேண்டும். முழுப் பன்றி வறுக்காத கல்யாணம்கூட இந்த ஊரில் நடந்துவிடும். அன்றைக்கே ஓடும் படம் இல்லாமல் நடக்காது.

மணி ஆறு ஐம்பது.

"இன்னிக்கு ஒரு நாளாவது இதை வேற யார்கிட்டயாவது விட்டிருக்கலாம். இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தேவையாண்ணே?"

"ஜெனலின் கல்யாணப் படத்துல வேற ஒருத்தன் கை வைக்கறதா? வேலையைப் பாருடா."

டிண்டோ கேமரா வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அந்தக் கதை அவனுக்கும் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் அர்னெல் பெண் கேட்டுப் போனபோது, மாம்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவனே அவன்தான்.

ஜெனலினின் அப்பா ருஃபினோ, தபால் ஆபீஸில் ஒரே மேஜையில் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கூடையைத் தொடக்கூட இல்லை.

"பாட்டு வரி பாத்துப் பாடுற கரோக்கே பெட்டிக்கு அருவி, பூ, குருவின்னு படம் புடிச்ச. அப்புறம் டிவியில நியூஸ். அப்புறம் சாவு வீட்டை வெளிநாட்டுச் சொந்தக்காரங்களுக்கு நேரலையா காட்டின. இப்ப தேங்காய் எண்ணெய் விளம்பரம். தம்பி, உன் தொழில்தான் என்ன?"

"எல்லாம் ஒரே தொழில்தாங்க ஐயா."

"உக்கார ஒரு மேஜை இல்லாதவனுக்கு என் பொண்ணு கிடையாது."

அதே ருஃபினோ இன்று முதல் வரிசையில் உட்காரப் போகிறார். அர்னெல் செய்த எதையும் அவர் இதுவரை பார்த்ததே இல்லை. இந்த ஐந்து நிமிடத்தையாவது அவர் பார்க்க வேண்டும். 'இதுவும் வேலைதான்' என்று ஒரு தடவை அவர் வாயால் வந்துவிட்டால் போதும்.

திரையில் ஜெனலின் முக்காட்டை விலக்கிச் சிரித்தாள். அர்னெலின் விரல் அப்படியே நின்றது.

"அழுறீங்களாண்ணே?"

"ஏசிடா."

"அதே ஏசிதான் எனக்கும் அடிக்குது."

கதவு படாரென்று திறந்தது. கல்யாண ஏற்பாடுகளைக் கவனிக்கும் தெஸ்ஸி, கையில் வாக்கி டாக்கியோடு மூச்சிரைத்தாள்.

"எங்கே, எங்கேன்னு கீழ என்னைப் பிச்சுத் தின்னுறாங்க! நான் என்ன பதில் சொல்ல?"

"பத்தே நிமிஷம் தெஸ்ஸி."

"இதையேதான் அரை மணி நேரமா சொல்ற! நல்லா இருப்ப நீ!"

அவள் போன வேகத்தில் கதவு சாத்திக்கொண்டது. அர்னெலின் விரல்கள் பறந்தன. கடிகாரத்தோடு சண்டை போடுவது செய்திப் பிரிவில் பழகியது. பாட்டின் அசைவுக்குப் படத்தை அசைய விடுவது கரோக்கே கொடுத்த வித்தை. ஏழு இருபதுக்குக் கடைசித் துண்டும் ஒட்டியாயிற்று.

மறுபடியும் கதவு. இந்த முறை மெதுவாகத் திறந்தது.

ருஃபினோ!

டிண்டோ விறைத்து எழுந்தான். கிழவர் அவனைத் தாண்டிக் கணினியைப் பார்த்தார்.

"இதுதானா?"

"ஆமாங்க ஐயா."

"ஓட்டு."

நின்றபடியே பார்த்தார். மணி ஓசை, மலர்கள், ஓடிவரும் குழந்தைகள். பிறகு தேவாலய வாசல். மகளின் கையைப் பிடித்தபடி ருஃபினோவே நடந்து வந்தார். சட்டென்று பாட்டு நின்றது.

"என்னப்பா, கெட்டுப்போச்சா?"

"இல்லைங்க ஐயா. நான்தான் நிறுத்தினேன். சாவு வீடுகள்ல கத்துக்கிட்டது. சில நேரம் நாம பேசாம ஒதுங்கி நின்னுடணும்."

சத்தமில்லாத ஒன்பது விநாடி. பீடத்தின் முன் மகளின் விரல்களை விடப் போனவர், விடாமல் மறுபடி பற்றிக்கொண்டார். அந்தப் பிடி திரை முழுக்கத் தெரிந்தது.

படம் முடிந்தது.

"அந்த இடத்தை இன்னொரு தடவை போடு."

போட்டான்.

ருஃபினோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அர்னெலின் தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"இது வேலைதாம்ப்பா. பெரிய வேலை. அவ பிடிவாதம் தாங்காம நான் அரை மனசாத்தான் சரின்னேன். இப்ப முழு மனசா சொல்றேன்... எழுந்து கீழ வா. மேடையில உன் நாற்காலி ஒரு மணி நேரமா காலியா கிடக்கு. கல்யாணத்தன்னிக்கே புருஷனைக் காணோம்னு என் பொண்ணு அங்க ஒத்தையா உக்காந்திருக்கா!"