வெள்ளைக்காரனுக்கு மட்டும் சூடு

எம்மன்புரூக்கே ஊர் வீட்டில், அறையைச் சூடாக்கும் ஹைசுங் பெட்டியைப் புதிதாக மாற்றி இரண்டு கிழமை ஆகியும் அறை குளிர்ந்தே கிடந்தது. பழுதுபார்க்க வெள்ளைக்காரன் உர்ஸ் வந்தால் மட்டும் பெட்டி கொதித்தது. இன்று மூன்றாவது முறையும் அப்படித்தான்.

"பாத்தியே, இதுவும் வெள்ளைத்தோலுக்குத்தான் மரியாதை குடுக்குது" என்றான் திருக்குமரன்.

"உங்களை மாதிரித்தான்" என்றாள் மனைவி யோகமலர்.

உர்ஸ் சொன்னதைத் திருக்குமரன் அவளுக்குத் தமிழில் சொன்னான். "பழையதில சூட்டைப் பாக்கிற இந்தக் குமிழ் இல்லையாம். குமிழில சூடு பட்டால், அறை சூடாகிட்டுது எண்டு நினைச்சுப் பெட்டியை நிப்பாட்டிப்போடுமாம். பக்கத்தில சூடான சாமான் ஏதும் வைக்கிறனீங்களோ எண்டு கேக்கிறான்."

யோகமலர் குமிழை ஒட்டியிருந்த வெறும் மேசையைக் காட்டினாள். "ஒண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

உர்ஸ் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

வாடகை வீட்டில் நெருப்புக் கொளுத்துவதைக் கண்டால் உர்ஸ் வீட்டுக்காரனிடம் சொல்லிவிடுவான் என்று, அவன் வரும்போதெல்லாம் குளியலறையில் ஒளித்துவைக்கும் பிள்ளையாரையும் விளக்கையும் யோகமலர் மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தாள். நாள் முழுக்க எரியும் விளக்கை ஏற்றினாள்.

"பிள்ளையாரப்பா, இந்த முறையாவது பெட்டி ஆறக்கூடாது!"

திருக்குமரன் தயங்கினான். "யோகம், இதுவும் சூடான சாமான்தானே?"

"வாயைப் பொத்துங்கோ. இது சாமான் இல்லை, சாமி!"