அண்ணன் வீதி

"ஐயா, கடைசி வரிசையில என்ன பண்றீங்க? முன்னால வாங்க. உங்களுக்குன்னு நாற்காலி போட்டிருக்கு."

பிளான் போட்ட இன்ஜினியர் பெண் மைக்கிலேயே கூப்பிட்டாள். புது ரோடு திறப்பு விழாப் பந்தலில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. பெரியவருக்கு உடம்பு கூசியது.

"இங்கயே நல்லாத்தான் இருக்கு. நீ உன் வேலையப் பாரும்மா" என்றார்.

மனைவி விலாவில் இடித்தாள். "ஊரே கூப்பிடுது. பிகு பண்ணாம எழுந்திரிங்க."

"காலு வலிக்குது."

"காலையில கடைத்தெரு வரைக்கும் நடந்தப்ப வலிக்கலையோ?"

தூக்காத குறையாக அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் தம்பி. பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

அப்பா விட்டுப்போன நிலத்தைத்தான் இருவரும் வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றிருந்தார்கள். பெரியவர் பங்கில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கே பந்தி போடலாம், அவ்வளவு நிழல். அதற்கு அடியில் கட்டிலைப் போட்டுப் படுப்பதுதான் அவருக்குச் சொர்க்கம். தம்பி பங்கில் தாத்தாவுக்குத் தாத்தா கட்டிய கல் கிடங்கு. அதற்குள் தம்பியின் மரப் பட்டறை. கிடங்கு தப்பினால் பட்டறை அங்கேயே நடக்கலாம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. இடித்தால் தம்பி குடும்பம் தெருவுக்கு வரவேண்டியதுதான்.

கம்பெனிக்காரன் சொன்ன எதையும் பெரியவர் நம்பியதில்லை. சலவைச் சட்டை போட்டவன் சிரித்தாலே மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர்.

இன்ஜினியர் பெண் பேச ஆரம்பித்தாள்.

"எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு வீடு கட்டுறது சுலபம். நாங்க அப்படிச் செய்யல. குளம், மேடு, மரம், பழைய கட்டடம், இதெல்லாம் இருக்குற எடத்துல இருக்கட்டும், வீடுங்க அதுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு போகட்டும்னு பிளான் போட்டோம். எது நிக்கணுமோ அதுமேல சிவப்பு வட்டம் போட்டோம். வட்டம் இல்லாதத மிஷின்காரர் எடுத்துடுவார். இத உங்களுக்குக் கூட்டத்துலயே சொன்னேன்."

"ஆமாமா" என்றது கூட்டம்.

"பெரிய ரோடு வர்ற எடத்துல மட்டும் மாட்டிக்கிட்டேன். இந்தப் பக்கம் மரம், அந்தப் பக்கம் கிடங்கு. ரெண்டுல ஒண்ணுதான் நிக்க முடியும். மனசே இல்லாம மரத்துக்கு வட்டம் போட்டுட்டு லீவுல போனேன். வந்து பாத்தா மரத்தக் காணோம்! மிஷின்காரர உண்டு இல்லைன்னு பண்ணிட்டேன். அப்புறம் வாட்ச்மேன்தான் நடந்ததச் சொன்னார்."

வாட்ச்மேன் எழுந்து நின்றார். "என் ரெண்டு கண்ணால பாத்தேங்க. நல்ல உச்சி வெயிலு. பெரியவர் மரத்துல இருந்த வட்டத்தச் சுரண்டி எடுத்தார். நேரா போயி தம்பி கிடங்குச் சுவத்துல பெருசா ஒரு வட்டம் போட்டார். போட்டுட்டு யாராவது பாக்குறாங்களான்னு சுத்தியும் முத்தியும் பாத்தாரு. செய்யிற நல்லத வெளிய தெரியாமச் செய்யணும்னு நெனைக்கிறார் மனுஷன்னு நானும் கூப்பிடல."

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. பெரியவர் இன்னும் குனிந்தார்.

"பாருங்க, எவ்வளவு அடக்கம்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தம்பி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "அண்ணே, சாமானெல்லாம் மூட்ட கட்டி வச்சிருந்தேன். எங்க போறதுன்னு தெரியாம எம் பொண்டாட்டி அழுதுட்டு இருந்தா. மரம் சாஞ்சப்ப நீங்க ஓடி வந்து தலையில கை வச்சு உக்காந்தீங்களே, அதப் பாத்து, நல்லா வேணும்னு நெனச்சேன்ணே நான். என்னைச் செருப்பால அடிங்க."

"டேய், விடுடா கைய."

"மாட்டேன்."

"நீ நெனைக்கிற மாதிரி இல்லடா. நான் என்ன நெனச்சேன்னா..."

"உங்களுக்கு எப்பவுமே நல்லத வெளிய சொல்லத் தெரியாதுண்ணே. திட்ட மட்டும்தான் தெரியும்."

பந்தலே சிரித்தது. பெரியவர் மனைவி பக்கம் திரும்பினார். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியும், இப்படி ஒரு மனசு உங்களுக்கு இருக்குன்னு தெரியாமப் போச்சே. தெனமும் வைதுக்கிட்டே சோறு போட்டேனே."

அவருக்குப் பந்தலை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் தம்பி கையை விட்டால்தானே?

இன்ஜினியர் பெண் ஒரு பலகையின் மேல் இருந்த துணியை விலக்கினாள். "ஐயா பேரைப் போட்டா கோவிச்சுக்குவார்னு சொன்னாங்க. அதனால ரோட்டுக்கு 'அண்ணன் வீதி'ன்னு பேர் வச்சிருக்கோம். பலகை ஐயா வீட்டு வாசலுக்கு நேரா நிக்கும்."

மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். "ஒரு வார்த்தை பேசுங்கய்யா."

பெரியவர் எழுந்தார். வாயைத் திறந்தார். தம்பி அவரை, சின்ன வயதில் தோளில் ஏறி உட்கார்ந்து பார்த்த அதே கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் மைக்கை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் ஓயவே இல்லை.

கம்பெனி போட்ட ஒரு கூட்டத்துக்கும் அவர் போனதில்லை. சிவப்பு வட்டம் போட்டிருப்பதைத்தான் மிஷின் வந்து இடிக்கும் என்று நினைத்துத்தான், அன்றைக்கு அதைத் தன் மரத்திலிருந்து சுரண்டிவிட்டுத் தம்பியின் சுவரில் போட்டிருந்தார்.