கண் மூடினால் சொல்லும் கேமரா

"இந்தக் கம்பெனியில மூணு மாடல் இருந்திச்சிப்பா. யாராச்சும் கண்ண மூடிட்டா இது மட்டுந்தான் சொல்லும்," என்றாள் ஷைனி.

காரிமங்கலத்து வீட்டு வாசலில் குடும்பமே அவள் பெரியப்பா சின்னப்பராஜைச் சுற்றி நின்றது.

முதல் படம் எடுத்ததும், ‘ஒருவர் கண் மூடியிருக்கிறார்’ என்று கேமரா காட்டியது.

"அண்ணனத்தான் சொல்லுது. அது கெடக்குது, இன்னொண்ணு எடு கண்ணு," என்றார் அவள் அப்பா ஜோசப் ராஜ்.

இரண்டாவது படத்துக்கும் அதே எச்சரிக்கை. மூன்றாவதற்கு வரவில்லை.

"இதுல யாருமே கண்ண மூடலப்பா."

மற்றவர்கள் கேமராவையே பார்த்திருக்க, ஜோசப் ராஜ் மட்டும் குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு சவப்பெட்டியின் மூடியைத் தானே இழுத்துச் சாத்தினார்.

"ஆணி அடிங்கப்பா, பாதர் காத்துக்கிட்டிருக்காரு."